தானாக ஆர்டர் போடும் ஃபார்முலா சேர்த்ததும் 522 பிழை: உளுந்து விளையாட்டு, லிப்ரே ஆபீஸ் கால்க்

ரங்கூன் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். யாங்கூனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆப்பரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் சொல்லிக்கொடுக்கிறேன். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டரும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கிய பீர் விளையாட்டைத்தான் நடத்துகிறோம். ஒவ்வொரு மேசையும் ஒரு கடை, வாராவாரம் தனக்கு மேலே உள்ள மேசையிடம் சரக்கு ஆர்டர் போட வேண்டும். பீர் என்றால் பெற்றோருக்குச் சங்கடம், அதனால் உளுந்து மூட்டையாக மாற்றிவிட்டேன். சில்லறைக் கடை, மொத்தக் கடை, பாயின் நாவுங் சந்தைத் தரகர், பருப்பு மில் என்று நாலு மேசை. ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் கையிருப்பு 12 மூட்டை. அனுப்பிய சரக்கு வந்து சேர இரண்டு வாரம். வாடிக்கையாளர் முதல் நாலு வாரம் 4 மூட்டை கேட்பார், ஐந்தாம் வாரத்திலிருந்து 8.

கணக்கெல்லாம் லிப்ரே ஆபீஸ் கால்க் விரிதாளில். பிள்ளைகள் ஆர்டரைக் கையால் தட்டும்போது டெம்ப்ளேட் ஒழுங்காக ஓடுகிறது. சில நாள் ஒரு மேசைக்கு ஆள் வருவதில்லை. அப்போது சில்லறைக் கடை தானாக ஆர்டர் போடட்டும் என்று 16இலிருந்து அந்த வாரக் கையிருப்பைக் கழிக்கும் ஃபார்முலா வைத்தேன். உடனே எல்லாப் பத்தியிலும் 522 பிழை. அமைப்பில் ஐட்டரேஷனை (கணக்கைத் திரும்பத் திரும்பப் போட விடும் வசதி) டிக் செய்தால் பிழை போகிறது, ஆனால் வந்ததும் அனுப்பியதும் இருப்போடு ஒத்துப்போகவில்லை. அடிக்கடி கரண்ட் போகும், நெட்டும் நம்ப முடியாது. அதனால் ஆன்லைன் விளையாட்டு வேண்டாம், இந்தத் தாளையே சரிசெய்ய வேண்டும்.

மோல்மீன் கணக்கர்:
அக்கா, முதலில் அந்த ஐட்டரேஷன் டிக்கை எடுத்துவிடுங்கள். அது பிழையை மறைக்கும், தீர்க்காது. 522 என்றால் ஒரு கட்டம் சுற்றி வந்து தன்னையே கேட்கிறது என்று பொருள். உங்கள் தாளில் சில்லறைக் கடையின் ஆர்டர் இந்த வாரக் கையிருப்பைப் பார்க்கிறது. கையிருப்பு இந்த வாரம் வந்த சரக்கைப் பார்க்கிறது. வந்த சரக்கு, மொத்தக் கடை இதே வாரம் அனுப்பியதைப் பார்க்கிறது. மொத்தக் கடையோ சில்லறைக் கடையின் ஆர்டரைப் பார்த்துத்தான் அனுப்புகிறது. கையால் தட்டினால் இந்தச் சங்கிலி ஆர்டரில் அறுந்துவிடும், அதனால்தான் இதுவரை தெரியவில்லை.

வந்த சரக்குக் கட்டத்தை இரண்டு வரி மேலே, அதாவது மொத்தக் கடை இரண்டு வாரம் முன்பு அனுப்பியதோடு இணையுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் 4 என்று கையால் போடுங்கள். அனுப்பும் கட்டத்தில் மின் (MIN) ஃபார்முலா இருக்கட்டும்: கையிருப்பும் வந்ததும் சேர்ந்தது ஒன்று, புது ஆர்டரும் இன்னும் அனுப்பாத பழைய பாக்கியும் சேர்ந்தது ஒன்று, இரண்டில் எது சிறியதோ அது.

தன்லின் தம்பி:
இன்னொன்று டீச்சர். பின்னால் வாடிக்கையாளர் தேவைக்கு ரேண்ட் (RAND, ஏதோ ஒரு எண்ணைத் தானாகத் தரும் ஃபார்முலா) போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஆர்டர் தட்டும்போதும் போன வாரத்துத் தேவையும் சேர்ந்து மாறிவிடும். வேண்டுமென்றால் ஒருமுறை உருவாக்கி, வெறும் எண்ணாக ஒட்டிவிடுங்கள்.

ரங்கூன் டீச்சர்:
தம்பிகளே, பிழை போய்விட்டது, மிக்க நன்றி. ஆனால் வேறு ஒன்று புரியவில்லை. மொத்தக் கடையில் தட்டுப்பாடே வராதபடி நிறைய சரக்கு வைத்து ஓட்டிப் பார்த்தேன். வாடிக்கையாளர் ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரே மாதிரி 8 கேட்கிறார். சில்லறைக் கடையின் ஆர்டரோ 8, 12, 12, 8, 4, 4 என்று போய், மறுபடி 8இல் ஆரம்பித்துச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்னும் ஃபார்முலா தப்பா?

மோல்மீன் கணக்கர்:
தாள் சரிதான் அக்கா. நீங்கள் வைத்த விதி அப்படி. அது கடையில் இருக்கும் மூட்டையை மட்டும் எண்ணுகிறது. ஏற்கெனவே ஆர்டர் போட்டு வழியில் வருவதை எண்ணுவதில்லை. ஆறாம் வாரம் இருப்பு 4, உடனே 12 கேட்கிறது. போன வாரம் கேட்ட 8 இன்னும் லாரியில் இருப்பது அதன் கணக்கில் இல்லை. இந்த விளையாட்டை ஆடிய மனிதர்களும் இதையேதான் செய்கிறார்கள் என்று எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989இல் எழுதிய கட்டுரை காட்டியது.

இப்போது ‘வழியில் இருப்பது’ என்று ஒரு பத்தி சேருங்கள்: போன வாரத்து எண், கூட்டல் போன வாரம் போட்ட ஆர்டர், கழித்தல் இந்த வாரம் வந்தது. முதல் வரியில் மட்டும் 4 என்று கையால் போடுங்கள். பிறகு ஆர்டர் விதி: 20இலிருந்து கையிருப்பையும் வழியில் இருப்பதையும் கழித்து, பாக்கியைக் கூட்டுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் இருக்க மாக்ஸ் (MAX) ஃபார்முலா போட்டு அங்கேயே நிறுத்துங்கள். ஆர்டர் 4இலிருந்து நேராக 8க்கு ஏறி அங்கேயே நிற்கும், கையிருப்பு 4இல் அமரும்.

பழைய விதியை அழித்துவிடாதீர்கள். அதைத் தனித் தாளில் வைத்து, பிள்ளைகள் ஆடி முடித்த பிறகு இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். அதுவரை மற்ற மேசைகளின் பத்திகள் கண்ணில் படவே கூடாது. இது ரொம்ப முக்கியம் அக்கா. எல்லாம் தெரிந்தால் தரகர்தான் காரணம் என்று யாரும் கோபப்பட மாட்டார்கள், தப்பு ஆளிடம் இல்லை, விதியில்தான் என்ற பாடமும் நடக்காது.

மொத்தக் கடைக்காரர்:
இவ்வளவும் சரி. ஆனால் நிஜக் கடையில் ஆர்டர் இப்படி ஏறி இறங்க வேறு காரணங்களும் உண்டு. விலை ஏறும் என்று கேள்விப்பட்டால் இரண்டு பங்கு கேட்போம், பாதிதான் தருவார்கள் என்று தெரிந்தாலும் கூட்டிக் கேட்போம். லாரி நிறைகிற அளவுக்குச் சேர்த்து ஆர்டர் போடுவது தனி. எந்தப் பிள்ளையாவது “எங்க அப்பா இப்படிச் செய்ய மாட்டார்” என்றால், அவர் சரக்கு வாங்கிய கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், டீச்சர். தாளுக்கு அடுத்த சுற்று அதிலிருந்தே கிடைக்கும்.

ரங்கூன் டீச்சர்:
சரி, நோட்டு கேட்கிறேன். கரண்ட் போனால் நான்கு மேசைக்கும் காகிதத்தில் ஆர்டர் சீட்டு அச்சடித்து வைத்திருக்கிறேன். கரண்ட் வந்ததும் அதைப் பார்த்துத் தாளில் ஏற்றிக்கொள்ளலாம்.