ஸ்லைடு கிட்டார் (விரல்ல ஒரு குழாயை மாட்டி, கம்பி மேல வழுக்கி வாசிக்கிற முறை) வாசிக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?

அமெரிக்க ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் 1971 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கத்துல வாசிச்ச 'ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்' கத்துக்கிட்டிருக்கேன். பிளைண்ட் வில்லி மெக்டெல் 1928-ல் பன்னிரண்டு கம்பி கிட்டாரோட தனி ஆளா பதிவு பண்ணின பாட்டு. இவங்க ரெண்டு டிரம்ஸ், ஆர்கனோட அதை அதிர வெச்சுட்டாங்க.

அந்தக் குழுவோட கிட்டாரிஸ்ட் டுவேன் ஆல்மன் கொரிசிடின்ங்கற சளி மாத்திரையோட கண்ணாடிக் குப்பியை மோதிர விரல்ல மாட்டிக்கிட்டு, ஓப்பன் ஈ ட்யூனிங்ல (எங்கேயும் அழுத்தாம மீட்டினாலே ஈ மேஜர் கார்டு வர்ற மாதிரி சுருதி சேர்க்கறது), பிக் இல்லாம விரலாலேயே வாசிப்பார். அந்தக் குப்பி மாதிரி கண்ணாடி ஸ்லைடு சென்னையில எங்க கிடைக்கும்?

இன்னொரு சந்தேகம். ஓப்பன் ஈ-க்கு 5, 4-ஆம் கம்பிகளை ரெண்டு அரைச்சுரமும் 3-ஆம் கம்பியை ஒரு அரைச்சுரமும் ஏத்தணும். என்னோடது பழைய அக்கூஸ்டிக் கிட்டார்; அதோட கழுத்து வளைஞ்சிடுமோன்னு பயம். ஓப்பன் டி (அதே அமைப்பு, ரெண்டு அரைச்சுரம் கீழ) வெச்சு 2-ஆம் ஃப்ரெட்ல (கழுத்துக்குக் குறுக்கே இருக்கற உலோகப் பட்டை) கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டா அதே சுருதி வந்துடும், சரி. ஆனா கம்பி தொய்வா இருந்தா ஸ்லைடு ஃப்ரெட்ல இடிக்குமே? தடிமனான கம்பி மாத்தினா போதுமா, இல்ல நட்டையும் (கழுத்தோட மேல்முனையில கம்பிகளைத் தாங்குற கட்டை) உயர்த்தணுமா?

அப்புறம், ஸ்லைடுக்குப் பின்னாடி ஆள்காட்டி விரலை வெச்சு அடக்கியும் தேவையில்லாத கம்பிகள் கூடவே ரீங்கரிக்குது. வலது கையில எந்தெந்த விரலால அடக்கறீங்க? வீடியோ இருந்தா போடுங்க, புண்ணியமாப் போகும். 'யூடியூப்ல தேடுங்க'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க!