அரை டன் டிரக்குக்கு முக்கால் டன் ஆக்சில்: கையைக் கடிக்காமல் மாற்றிய அனுபவம்

என்னிடம் இருப்பது 1980களின் தொடக்கத்தில் வந்த ஷெவர்லே கே10. அரை டன் வகை (சுமை தாங்கும் அளவை வைத்துச் சொல்லும் பெயர்), ஃபோர் வீல் டிரைவ். முன்னும் பின்னும் 10 போல்ட் ஆக்சில் (டிஃபரன்ஷியல் மூடியில் உள்ள போல்ட் எண்ணிக்கையை வைத்து வந்த பெயர்). 31 அங்குல டயருக்கு அது தாராளமாகப் போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை. 35 அங்குல டயரும் பின்னால் ஒரு லாக்கரும் (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு) போட்டுக் கல்லுப் பாதையில் ஏற்ற ஆசை வந்தபோதுதான் ஆக்சில் மாற்றும் யோசனை வந்தது.

அந்தப் பின் ஆக்சில் செமி ஃப்ளோட்டிங் வகை. சக்கரத்தைச் சுற்றுவதும் வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் ஒரே ஷாஃப்ட்தான். அதை உள்ளே பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன சி கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். முக்கால் டன் வண்டியில் வரும் 14 போல்ட் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில் அப்படியில்லை. ஹவுசிங் முனையில் உள்ள ஸ்பிண்டிலில், இரண்டு பேரிங்குகளின் மேல் ஹப் உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட்டுக்குச் சுற்றுவது மட்டுமே வேலை. அது முறிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். ஜாக்கி கூடப் போடாமல் வெளியிலிருந்தே போல்ட்டைக் கழற்றி ஷாஃப்ட்டை உருவிவிடலாம். உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் 10.5 அங்குலம், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனைத் தாங்க மூன்று பேரிங். இவ்வளவு வலுவான ஒன்று பழைய வண்டி உடைக்கும் இடங்களில் சாதாரணமாகக் கிடைக்கிறது என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய வரம்.

ஆனால் ஆக்சில் மலிவு என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். காசைத் தின்பது அதைச் சுற்றி இருக்கும் சாமான்கள். யு போல்ட், பிரேக் ஹோஸ், ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டும் கூலி, புதிய ரிம், கியர் செட் என்று ஒவ்வொன்றாக வரும். அதனால்தான் நான் தனி ஆக்சில் தேடவில்லை. அதே தலைமுறையைச் சேர்ந்த முக்கால் டன் வண்டியான கே20 ஒன்றை முழுசாகத் தேடினேன். உடல் துருப்பிடித்து ஓட்டைவிழுந்த வண்டிதான், ஆனால் அடியில் எல்லாம் அப்படியே இருந்தது. முன் ஆக்சில், பின் ஆக்சில், ஸ்பிரிங் தட்டுகள், ஹோஸ், பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கழற்றினேன். இரண்டு ஆக்சிலும் ஒரே வண்டியில் இருந்ததால் கியர் விகிதமும் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றப் பினியன் சுற்றும் எண்ணிக்கை) 4.10 என்று ஒத்துப்போனது. முன்னும் பின்னும் விகிதம் வேறாக இருந்தால், காய்ந்த கெட்டித் தரையில் மட்டுமில்லை, பிடிப்புள்ள எந்தத் தரையிலும், இரண்டு ஆக்சிலுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

பழைய 3.73 விகிதத்தோடு 31 அங்குல டயர் ஓடியதையும், இப்போது 4.10 விகிதத்தோடு 35 ஓடுவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 4.10ஐ 31ஆல் பெருக்கி 35ஆல் வகுத்தால் 3.63. கிட்டத்தட்டப் பழைய இழுவையே திரும்பக் கிடைக்கிறது, ஸ்பீடோமீட்டரும் ஏறக்குறைய சரியாகவே காட்டுகிறது. கியர் செட்டுக்கு ஒரு காசு செலவில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் இதே வண்டிக்கு 1979 ஃபோர்டு டானா 60 முன் ஆக்சில் ஒன்றை வாங்கினார். உண்மையிலேயே அருமையான ஆக்சில். கிரவுன் வீல் 9.75 அங்குலம், கிங்பின் வகை (சக்கரம் திரும்புவது தடித்த பின்னின் மேல்). ஆனால் அதில் டிஃபரன்ஷியல் ஓட்டுநர் பக்கம் இருக்கிறது. ஷெவர்லேயின் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை எதிர்ப்பக்கம் தருகிறது. அந்த ஒரு விஷயத்துக்காக டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றினார். அப்புறம் ஸ்பிரிங் சீட் வெட்டி ஒட்டும் வேலை, ஸ்டியரிங் ராடு வேலை. அவர் வேலையில் நான் மெச்சியது ஒன்று உண்டு: சீட்டுகளை முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, வண்டி முழுப் பாரத்தோடு நின்ற பிறகு பினியன் கோணத்தை அளந்து, அதன் பின்னரே முழுசாக வெல்டிங் செய்தார். முன் ஆக்சிலில் பினியனை மேலே தூக்கினால் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்துவிடும், நேராகப் போகும்போது ஸ்டியரிங் அலையும். இரண்டையும் சமாளிக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. என் வண்டியில் வெல்டிங் மெஷினை எடுக்கவே இல்லை.

முன் ஆக்சிலைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். கே20இல் வரும், சக்கரத்துக்கு 8 போல்ட் உள்ள டானா 44 பலத்தில் பெரிய தாவல் இல்லை. பழைய 10 போல்ட்டில் உள்ள அதே அளவு கிராஸ்தான் (ஷாஃப்ட்டை மடங்கவிடும் யு ஜாயிண்ட்) அதிலும். லாபம் பெரிய பிரேக்கும், நான்கு சக்கரத்துக்கும் ரிம் மாட்டும் போல்ட் அமைப்பு ஒன்றே என்பதால் ஒரே ஸ்டெப்னி போதும் என்பதும்தான். 35 அங்குலம் வரை, முன்னால் லாக்கர் இல்லாமல் நிதானமாக ஓட்டுபவருக்கு இது போதும் என்பது என் கருத்து. 37க்குப் போகிறவர் 1977க்குப் பின் வந்த, ஒரு டன் வகையான கே30இன் டானா 60 கிடைக்கும் வரை காத்திருப்பது நல்லது. அதில் டிஃபரன்ஷியல் நம் வண்டியில் உள்ள அதே பக்கம், ஸ்பிரிங் இடைவெளியும் அதே.

கழற்றும் முன் பார்க்க வேண்டியவை: மூடியைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். சாம்பல் பசை கொஞ்சம் இருப்பது சகஜம், விரலில் உறுத்தும் துணுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்பிண்டில் மரையும் பேரிங் உட்காரும் இடமும் நீலம் பாரித்திருக்கக் கூடாது. விகிதம் எழுதிய தகடு இல்லையென்றால் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றி, பினியன் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள்.

ரிம் விஷயத்தில் மிகவும் கவனம். அந்தக் கால முக்கால் டன் வண்டிகள் பலவற்றில் 16.5 அங்குல ரிம் இருக்கும். அதற்கு இப்போது டயர் கிடைப்பது கஷ்டம், 16 அங்குல டயரை அதில் ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. நான் அந்த ரிம்களை அங்கேயே விட்டுவிட்டு 16 அங்குலம் வாங்கினேன். பழைய 15 அங்குல ரிம்மை வைத்துச் சமாளிக்க முடியாது, போல்ட் எண்ணிக்கையே வேறு.

பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இறுக்கியதும் அது இழுபட்டுவிடும். 14 போல்ட்டின் குழாயும் பருமன் என்பதால் எப்படியும் பெரியது வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை மட்டும் சிறிது வெட்டி, பேலன்ஸ் செய்ய வேண்டி வந்தது. பெரிய கேலிப்பருக்குப் பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் எண்ணெய் போதாமல் பெடல் ஆழமாகப் போகலாம் என்பதால் கே20இன் மாஸ்டர் சிலிண்டரையே புது சீல் போட்டு மாட்டினேன். இப்போது பெடல் மேலேயே கெட்டியாக நிற்கிறது.

முன்னால் ஒரு வெளி ஷாஃப்ட்டும் இரண்டு கிராஸும் உதிரியாக வண்டியிலேயே வைத்திருக்கிறேன். பின்னாலுக்கு எதுவும் எடுத்துப் போவதில்லை.