மிதி கெட்டியாக இருந்தது, வண்டி நிற்கவில்லை: மாற்று உதிரிபாக அனுபவங்கள்

முன்சக்கர பிரேக் பேட்கள் தேய்ந்துவிட்டதால், வண்டி நிறுவனத்துப் பேடுக்குப் பதிலாக மெக்கானிக் தம்மிடம் இருந்த வேறொரு தயாரிப்பைப் பொருத்தினார். அளவும் கிளிப்பும் பிசகின்றி அமர்ந்தன. மூன்று வாரம் சமதளச் சாலையில் ஓட்டியபோது லேசான கிரீச்சொலியைத் தவிர வேறு குறை தெரியவில்லை.

பிறகு ஒரு நீண்ட மலை இறக்கத்தில், பிரேக்கை விட்டு விட்டு மிதித்தபடி வந்துகொண்டிருந்தபோது, ஏழெட்டு வளைவுகளுக்குப் பின் வேகம் குறைய மறுத்தது. மிதி உள்ளே இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரேக் ஆயில் கொதித்திருந்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் சேர்ந்து மிதி பஞ்சுபோல் அமுங்கியிருக்கும். மிதி கெட்டியாக இருந்தும் பிடிப்பு இல்லையென்றால், பேடின் உராய்வுப் பொருளே வெப்பத்தில் தளர்ந்துவிட்டது என்று பொருள். கியரைப் படிப்படியாகக் குறைத்து, எஞ்சினின் இழுவையைக் கொண்டு வண்டியை நிறுத்தினேன். (இறக்கம் தொடங்கும்போதே கியரைக் குறைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பழைய பேட்களோடு அதே பாதையில் கியரைக் குறைக்காமலே பலமுறை இறங்கியிருக்கிறேன்.)

கழற்றிப் பார்த்தபோது, பேடின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. ஒன்றில் உராய்வுப் பொருள், அது ஒட்டப்பட்டிருக்கும் இரும்புத் தகட்டிலிருந்து ஓரமாகப் பெயரத் தொடங்கியிருந்தது, அந்த இடைவெளியில் துரு ஏறியிருந்தது. எனக்கு உண்மையில் அச்சமூட்டியது இதுதான். பிடிப்பு குறைந்த பேடாவது சூடு தணிந்ததும் ஓரளவு மீளும். தகட்டை விட்டுக் கழன்ற பேடோ, அடுத்த மிதியில் வெறும் இரும்பை டிஸ்க்கின் மேல் அழுத்தும். மாற்று பேட்களுக்கான ஐ.நா. 90ஆம் ஒழுங்குவிதி, உராய்வுப் பொருள் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 250 நியூட்டன் விசையைப் பெயராமல் தாங்க வேண்டும் என்கிறது. அச்சோதனையில் தேறிய பேடின் தகட்டில், வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் நாட்டு எண்ணும், அருகே ‘90ஆர்’ என்று தொடங்கும் ஒப்புதல் எண்ணும் இருக்கும். என் பேடில் ஒரு குறியும் இல்லை.

*

என்னுடையது சிறிய பொருள்: ஹெட்லைட் பல்பு. 60 வாட் பல்பு இருந்த இடத்தில், வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பைப் போட்டேன். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடிய கம்பியில் 8 ஆம்பியருக்கும் மேல் ஓடத் தொடங்கியது. ஃபியூஸ் 10 ஆம்பியர் என்பதால் அது போகவில்லை, பல்பைத் தாங்கும் ஹோல்டர்தான் உருகியது. பிளாஸ்டிக் தீயும் வாடையை இருக்கையில் இருந்தபடியே உணர்ந்தேன்.

*

ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். மாற்று உதிரிபாகம் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன்; வண்டி நிறுவனங்களுக்குப் பாகங்களைச் செய்து தருபவர்களே அவற்றைத் தம் சொந்தப் பெட்டியிலும் விற்பதுண்டு. அந்தப் பெட்டியையே போலியாக அச்சடிப்பவர்களிடம்தான் சிக்கல். ஒருமுறை, சக்கர பேரிங் மாற்றிய வண்டியில் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. சென்சாரையும் வயரிங்கையும் அரை நாள் சோதித்த பிறகுதான், புதிய பேரிங்கின் சீலில் இருக்க வேண்டிய காந்த வளையமே இல்லை என்பது தெரிந்தது. பேரிங் ஓசையின்றிச் சுழன்றது. ஆனால் அந்தச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை அறிய ஏ.பி.எஸ்ஸுக்கு வழியே இல்லை. அங்கே விளக்காவது எரிந்தது. போலி ஏர்பேக்கில் அதைக்கூட நம்ப முடியாது: 2012இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் சோதித்தவற்றில் சில விரியவே இல்லை, சில உலோகத் துண்டுகளை வீசின.

முதலில் எழுதிய நண்பருக்கு ஒரு கேள்வி: பேடோடு பிரேக் ஆயிலையும் மாற்றினீர்களா?

*

மாற்றிவிட்டேன் ஐயா. கொதிக்கவில்லை என்றாலும் அது பழைய ஆயில்தான். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பின் அது 155 வரை இறங்கலாம். டிஸ்க்குகளில் சூட்டால் நீலம் பாய்ந்திருந்ததால் அவற்றையும் இரு பக்கமும் மாற்றச் சொல்லிவிட்டேன்.