புதுப்பிப்பு: டேட்டாபேஸ் லைசென்ஸ் ஆடிட் என்ன ஆச்சு
போன தடவை சொன்னேன்ல, டேட்டாபேஸுக்கு 8 கோருக்குத்தான் (பிராசஸருக்குள்ள வேலை செய்ற யூனிட்தான் கோர்) லைசென்ஸ் வாங்கியிருந்தோம், ஆடிட்டுக்கு வந்த வெண்டர், அதாவது டேட்டாபேஸ வித்த கம்பெனி, என்னடான்னா டேட்டாபேஸ் ஓடுற விஎம் (சாஃப்ட்வேர்ல உருவாக்குற சர்வர்) கிளஸ்டர்ல, அதாவது ஒண்ணா இணைச்ச சர்வர் கூட்டத்துல, எந்த சர்வருக்கு வேணா நகரும், அதனால மொத்த கிளஸ்டருக்கும் காசு கட்டுங்கன்னு நின்னாங்க. ஓடாத சர்வருக்கு எதுக்குங்க காசு?

இப்போ டேட்டாபேஸ தனி பிசிக்கல் சர்வருக்கு மாத்தியாச்சு, இனிமே அங்க இருக்குற கோருக்கு மட்டும்தான் கணக்கு. பழைய பாக்கி இன்னும் பேச்சுவார்த்தைலதான் இருக்கு, நாங்க கையெழுத்து போட்ட காண்ட்ராக்ட்ல அந்த விதியே இல்ல, வெப்சைட்ல போட்ட ஒரு பிடிஎஃப காட்டி கேக்குறாங்க, ரொம்ப அநியாயம்.

ரிப்போர்ட்டிங்க போஸ்ட்கிரெஸ்கியூஎல்ங்கிற இலவச ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸுக்கு கொண்டு போறோம். அதுல கோர் எண்ணுற வேலையே கிடையாது, ஆனா ஸ்டோர்ட் ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளயே எழுதி வெச்சிருக்குற ப்ரோகிராம்) எல்லாத்தையும் திருப்பி எழுதணும், அங்கதான் டீமே மாட்டிக்கிட்டு நிக்குது. புதுசா லைசென்ஸ் வாங்குறவங்க, விஎம்ல வெண்டர் எப்படி கணக்கு பண்ணுவாங்கன்னு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க.