அம்மம்மாவின் மூக்குப்பேணியும் ஏட்டுக்கட்டும்: யாரிடம் காட்டலாம்?

ஒட்டுசுட்டான்பிள்ளை:
2008 கடைசியில் சண்டையால் நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிடும்போது அம்மம்மா ஒரு பிளாஸ்டிக் பரலுக்குள் சாமான்களைப் போட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் தாட்டுவிட்டு வந்தவ. மீளக்குடியேறின பிறகு கிண்டி எடுத்தோம். இரண்டு மூக்குப்பேணி (மூக்கு வைத்த, குடிக்கிற பேணி), ஒரு பாக்குவெட்டி, விக்டோரியா தலை போட்ட 1870 காசு கொஞ்சம், மாட்டு வைத்தியம் எழுதின ஓலைச்சுவடி, அதாவது ஒரு மாட்டு வாகட ஏட்டுக்கட்டு. போன கிழமை பழைய பித்தளை எடுக்கிறவர் வந்து, பேணி இரண்டையும் தராசில் வைத்து கிலோ கணக்கில் விலை சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணாவோ எல்லாவற்றையும் பார்சலில் அனுப்பு, இங்கே காட்டிக் கேட்கிறேன் என்கிறார். யாரிடம் காட்டுவது? முதலில் புளி போட்டு மினுக்கவா?

குளத்தடி:
தங்கச்சி, புளி வேண்டவே வேண்டாம். அந்தக் கருமை ஏற எத்தனையோ வருசம் எடுத்திருக்கும், தேய்த்தால் ஒரு நாளில் போய்விடும், பழைய சாமான் தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பேணியை விரலால் சுண்டிப் பாருங்கள், கணீரென்று நீளமாகச் சத்தம் நின்றால் வெண்கலமாக இருக்கலாம், அதைப் பித்தளை விலைக்குக் கொடுக்காதீர்கள். விலை சொல்கிறவரே வாங்குகிறவராகவும் இருக்கக்கூடாது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பார்ப்பதற்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவரைத் தேடுங்கள்.

பழங்காசு:
1870 சதம், ஒரு பக்கம் மரம் இருக்கும், அதுதானே? அது நிறையப் பேரிடம் இருக்கிறது, வி.ஓ.சி. (VOC, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி) எழுத்துப் போட்ட ஒல்லாந்தர் காசும் அப்படித்தான், அதனால் பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். எழுத்து தேயாமல் இருந்தால்தான் விலை. பார்சல் அனுப்ப முதல் கவனம்: இலங்கையின் 1988ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின்படி இப்படியான பழம்பொருட்களை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அண்ணாவுக்குப் படம் போதும். நிழலில் வைத்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்து, அடிப்பக்கத்தையும் எடுங்கள்.

ஏட்டுப்பெட்டி:
எனக்கு அந்த ஏட்டை நினைத்தால்தான் பதறுகிறது. பேணி இன்னும் பல வீடுகளில் இருக்கும், அந்த மாட்டு வாகடம் வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம். ஒட்டியிருக்கிற ஓலையை இழுத்துப் பிரிக்காதீர்கள், வெயிலில் காயவிடாதீர்கள், பொலித்தீனில் சுற்றாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள். இலங்கைத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்து வைக்கிற நூலக நிறுவனம் இங்குள்ள ஓலைச்சுவடிகளைப் படமெடுத்து எண்ணிமப்படுத்தியிருக்கிறது, அவர்களோடு கதையுங்கள். விற்பதைப் பிறகு யோசிக்கலாம். அம்மம்மா இருந்தால் இன்றைக்கே அவவிடம் கேட்டு, யார் எழுதினது, எந்த மாட்டு வைத்தியர் வைத்திருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தெரிந்தவர் யாரிடம் காட்டினாலும் இது எங்கிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி.

ஒட்டுசுட்டான்பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. அம்மம்மா 2015இல் தவறிவிட்டா. அம்மாவிடம் கேட்டேன், ஏடு அவவின் பாட்டாவுடையதாம், மாட்டுக்கு வயிறு ஊதினால் இராத்திரியிலும் ஆட்கள் வந்து கூப்பிடுவார்களாம். மேலோலையில் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி தெரிகிறது. துணி சுற்றி வைத்துவிட்டேன், திங்கட்கிழமை நூலக நிறுவனத்துக்கு எடுத்துக் கதைக்கிறேன்.