ரிபக்னன்சி: முரண்பாடா, மாறுகோளா?

கும்பகோணம், கல்லூரி ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழி பி.ஏ. மாணவர்களுக்காக, கூட்டாட்சியில் சட்டம் எப்படி இயற்றப்படுகிறது என்று ஒரு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல், எஞ்சிய அதிகாரம் எல்லாம் முடிந்தது. இரண்டு சட்டங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நிலையைக் குறிக்கும் 'ரிபக்னன்சி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் மட்டும் பாக்கி.

அரசமைப்பின் 254-ஆவது உறுப்பு எல்லோரும் அறிந்ததுதான். ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ள ஒரு பொருளில் நாடாளுமன்றச் சட்டமும் மாநிலச் சட்டமும் ஒத்துப்போகாவிட்டால் நாடாளுமன்றச் சட்டம் நிற்கும். எது முதலில் வந்தது என்ற கேள்வியே கிடையாது. மாநிலச் சட்டம், ஒத்துப்போகாத அளவுக்கு மட்டும் செல்லாது. இதை 'முரண்பாடு' என்று நடத்தினேன். தேர்வில் பிள்ளைகள் "மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் முரண்பாடு வந்தால் மாநிலச் சட்டம் ரத்து" என்று எழுதுகிறார்கள். அரசுகள் சண்டை போட்டுக்கொள்வதைப் பற்றியதல்ல இது. முழுச் சட்டமும் போய்விடுவதும் இல்லை. வேறு சொல் கிடைக்குமா?

மன்னார்குடி, வழக்கறிஞர்:

நீதிமன்றத்தில் நாங்கள் ரிபக்னன்சி என்றுதான் சொல்கிறோம், யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை. தமிழ்தான் வேண்டும் என்றால் முரண்பாடே போதும். 254-இன் தலைப்பைப் பாருங்கள், அதில் ரிபக்னன்சி இல்லை, 'இன்கன்சிஸ்டன்சி' (ஒத்துப்போகாமை) என்று இருக்கிறது. உள்ளே போனால்தான் ரிபக்னன்சி வருகிறது. எழுதியவர்களே இரண்டையும் ஒன்றாகப் புழங்கியிருக்கும்போது நாம் ஏன் பிரிக்க வேண்டும்?

பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் சொல்லை விட்டுவிட்டு எடுத்துக்காட்டை மாற்றுங்கள் அம்மா. ஜல்லிக்கட்டைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் 2009 சட்டம், 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தோடு பொருந்தவில்லை என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதது ஆக்கியது. 2017-இல் மாநிலம் அந்த மத்தியச் சட்டத்துக்கே திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கியது. அந்த ஒப்புதல் கிடைத்தால் மோதினாலும் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் நிற்கும், 254-இன் இரண்டாம் பிரிவு வைத்திருக்கும் வழி அதுதான். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. வாடிவாசலைச் சொன்னால் பின்பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

திருவையாறு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் நான்காவது என்ன? குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல். தொல்காப்பியரும் மரபியலில் மாறுகொளக் கூறலைக் குற்றமாகவே சொல்கிறார். ஒரு நூலுக்குள் இரண்டு கூற்றுகள் ஒன்றையொன்று அழிப்பது மாறுகோள். ஒரு நாட்டின் சட்டத்தொகுதியை ஒரு நூலாகக் கொண்டால் ரிபக்னன்சி அதேதான்.

கொள் என்பது நீண்டு கோள் ஆவது முதனிலை திரிந்த தொழிற்பெயர். படு பாடு ஆனது போல. ஆக, முரண்பாடு என்ற சொல்லுக்கு இலக்கணத்தில் என்ன தகுதி உண்டோ அது மாறுகோளுக்கும் உண்டு. முரண் என்பதோ குற்றமே அல்ல. முரண்தொடை செய்யுளுக்கு அழகு. அழகைக் கொண்டுபோய்ச் செல்லாச் சட்டத்துக்கு வைப்பதா?

இலத்தீன் மூலத்தில் அந்தச் சொல்லுக்குள் போர் இருக்கிறது, எதிர்த்துப் பொருதல். அந்த வழியில் போனால் 'இகல்' உண்டு. குறளில் 86-ஆவது அதிகாரம். ஆனால் அது மனத்தில் உள்ள பகை, அதனால் நானே விலக்கிவிடுகிறேன். 'மலைவு' என்றும் ஒன்று உண்டு. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மயிலாடுதுறை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, தனியாகவே எழுதுங்கள், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு.

மாறுகோள் என்று அச்சிட்டால் வகுப்பில் வானியல் என்று நினைப்பார்கள். செவ்வாய் ஒரு கோள், இது மாறுகிற கோள். இல்லையென்றால் யாரோ கோள் மூட்டிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். 'ஒவ்வாமை' நல்ல சொல்தான், அதை மருத்துவர்கள் அலர்ஜிக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'மேலோங்கல்' சரிவராது. அது மோதலின் முடிவைச் சொல்கிறதே தவிர மோதலைச் சொல்வதில்லை. முடிவும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. கனடா அரசமைப்பில் முதியோர் ஓய்வூதியம் பற்றி மத்தியச் சட்டமும் மாகாணச் சட்டமும் மோதினால் மாகாணச் சட்டம்தான் நிற்கும். ஜெர்மனியில் 2006 திருத்தத்துக்குப் பிறகு சில துறைகளில் மாநிலங்கள் விலகிச் சட்டம் போடலாம். அங்கே பின்னால் வந்த சட்டத்துக்கு முன்னுரிமை. கையேடு கூட்டாட்சிகளை ஒப்பிட்டுப் பேசுகிறது என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல்தான் வேண்டும்.

திருத்துறைப்பூண்டி, விவசாயி:

எங்கள் பக்கம் 'ரெண்டு சட்டமும் முட்டிக்கிச்சு' என்போம். 'சட்டமுட்டு' என்று வைத்தால் என்ன? அப்புறம் வழக்கறிஞர் தம்பிக்கு ஒரு கேள்வி. காவிரித் தண்ணீர் எந்தப் பட்டியலில் வருகிறது? 1991-இல் கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டதே, அது இந்த ரிபக்னன்சியில்தான் அடிபட்டதா? கடைமடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

மன்னார்குடி, வழக்கறிஞர்:

அண்ணே, இல்லை. எல்லோரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-ஆவது பதிவு, ஆனால் ஒன்றியப் பட்டியலின் 56-ஆவது பதிவுக்கு உட்பட்டது. பல மாநிலங்களில் ஓடும் ஆறுகள் அந்த 56-இல் வருகின்றன. நதிநீர்த் தகராறுக்கு 262-ஆவது உறுப்பு தனி. அதன்படி வந்தது 1956-ஆம் ஆண்டுச் சட்டம், அதன்படி 1990-இல் வந்தது காவிரி நடுவர் மன்றம். மன்றத்தின் இடைக்கால உத்தரவை மீறத்தான் கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டது. அதற்கு மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் கருத்து. அதிகாரம் இல்லாமல் இயற்றியது வேறு, அதிகாரம் இருந்து இயற்றியும் மோதுவது வேறு. இரண்டாவதுதான் ரிபக்னன்சி. அம்மா, இதைக் கையேட்டில் ஒரு பத்தியாகவே சேர்க்கலாம், சொல்லைவிட இது முக்கியம்.

'முட்டு' வேண்டாம் அண்ணே. இப்போது முட்டுக்கொடுப்பது என்றால் கட்சிக்காரனைத் தாங்கிப் பேசுவது.

ரிபக்னன்சி பற்றிப் பேசினால் தவறாமல் மேற்கோள் காட்டும் தீர்ப்பு 1979-இல் வந்தது. வழக்கு, நம் திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதிக்கும் இந்திய ஒன்றியத்துக்கும் இடையிலானது. இரண்டு சட்டங்களும் சற்றே வேறுபட்டால் போதாது. சேர்ந்து நிற்கவே முடியாதபடி நேராக மோத வேண்டும் என்றது தீர்ப்பு. மோதாமல் ஒரே களத்தில் இரண்டும் இயங்க முடியும் என்றால் ரிபக்னன்சி இல்லை.

மயிலாடுதுறை, மொழிபெயர்ப்பாளர்:

அப்படியென்றால் 'உடன்நில்லாமை' என்று சொல்லலாமா? சேர்ந்து நிற்க முடியாத நிலை. தீர்ப்பின் பொருள் அப்படியே வந்துவிடுகிறது.

திருவையாறு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

உடன்நில்லாமை என்றால் நிற்க மனமில்லாமல் விலகிப்போவது. மணமுறிவு வழக்குக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். இயலாமை அதில் இல்லை. மாறுகோளில் உண்டு, இரண்டும் மாறுகொண்டால் ஒன்று போயே தீர வேண்டும். தூய தமிழ் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை, துல்லியத்துக்காகச் சொல்கிறேன்.

மயிலாடுதுறை, மொழிபெயர்ப்பாளர்:

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்குப் புரியாத துல்லியத்தை வைத்து என்ன செய்வது ஐயா? காவிரி, கனடா, குறள் என்று எல்லாம் வந்துவிட்டது. நீங்கள் சொன்ன பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' என்றும் ஒன்று உண்டல்லவா?

திருவையாறு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

உண்டு. எட்டாவது. கனடாவைக் கொண்டுவந்தது நானல்ல.

கும்பகோணம், கல்லூரி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். பெரும்பாலோர் முரண்பாட்டின் பக்கம் இருக்கிறீர்கள், அதுவும் சலித்துப்போய் என்று தெரிகிறது. 'சட்ட முரண்பாடு' என்று அடைகொடுத்து எழுதுகிறேன். அரசுகளின் சண்டை அல்ல, சட்டங்களின் மோதல் என்பதாவது தெரியட்டும். முதல் முறை வரும் இடத்தில் 'இரண்டு சட்டங்களும் சேர்ந்து நிற்க முடியாதபடி மோதும் நிலை. மோதும் அளவுக்கு மட்டும் ஒன்று செல்லாது' என்று ஒரு வரி இருக்கும். ஜல்லிக்கட்டும் காவிரியும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளாக வருகின்றன, ஒன்று ரிபக்னன்சி, மற்றது அல்ல என்று காட்ட. மாறுகோளைக் கடைசியில் வரும் சொல்லடைவில் சேர்க்கிறேன் ஐயா.

திருவையாறு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சேருங்கள் அம்மா. ஆனால் 'மாறுகோள், காண்க: சட்ட முரண்பாடு' என்று போடாதீர்கள். 'சட்ட முரண்பாடு, காண்க: மாறுகோள்' என்று போடுங்கள். மலைவு பற்றி ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.