வயசானவங்க புருவம்: நூலா, கத்தரியா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பாலக்கோடு பார்லர்:
கல்யாண சீசன்ல ஒரு ஆயா வந்தாங்க. பேத்தி கூட்டிட்டு வந்துச்சு. அந்த வெள்ளை முடியைப் பத்தி உங்களுக்கே தெரியும், நூலைப் போட்டா வழுக்கும், வேகமா இழுத்தா பாதியில அறுந்து அடி உள்ளயே நிக்கும். பவுடர் தடவி, தோலை இழுத்துப் பிடிக்கச் சொல்லி வலது பக்கம் முடிச்சுட்டேன். இடது பக்கம் நடுவுல ஒரே ஒரு முடி, மத்ததை விட ரெண்டு பங்கு நீளம், வளைஞ்சு இமை மேல கிடக்கு. பிளக்கர்ல பிடிச்சேன். ஆயா டக்குன்னு என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டாங்க. அந்த வயசுல என்ன பிடிங்கறீங்க! "அதை விடு கண்ணு. எங்கம்மாவுக்கும் அதே எடத்துல இருந்துச்சு."

பேத்தி விடல. "போட்டோல அசிங்கமா தெரியும், எடுங்கக்கா"ங்குது. காசு குடுக்கறது பேத்தி, நாற்காலில உக்காந்திருக்கறது ஆயா. யார் பேச்சைக் கேக்கறது? பிளக்கரை வச்சுட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு அந்த முடியை மத்த முடியோட சேத்து மேல சீவி விட்டேன். "பாதிதான பண்ணீங்க"ன்னு பேத்தி காசைக் குறைச்சுக் குடுத்துட்டுப் போச்சு. அது போகட்டும். அந்த முடி இந்நேரம் திரும்ப இமைக்கு இறங்கியிருக்கும், அதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

ஊத்தங்கரை சலூன்:
நூல், பிளக்கர் எல்லாம் நமக்குப் பழக்கமில்லீங்க, சீப்பும் கத்தரியும்தான். நமக்கு வர்ற பெருசுங்க புருவம் கண்ணுக்கு மேல தாவாரம் இறக்கின மாதிரி இருக்கும். எட்டாவதுல எனக்குக் கணக்கு எடுத்த வாத்தியார் ஒரு நாள் வந்து உக்காந்தாரு. ரிட்டயர் ஆகி ரொம்ப காலம் ஆச்சு. அந்தக் காலத்துல அவர் ஒரு புருவத்தைத் தூக்கினா கடைசி பெஞ்சு வரைக்கும் மூச்சு விடாது. தலை வெட்டி முடிச்சு, "சார், புருவத்தையும் கொஞ்சம் கொறைக்கட்டுங்களா?"ன்னு கேட்டேன். பதில் இல்ல, கண்ணை மூடிக்கிட்டாரு. சரின்னு எடுத்துக்கிட்டு, சீப்பு வச்சு மேல தூக்கி, சீப்புக்கு வெளிய வந்ததை மட்டும் நறுக்கினேன்.

கண்ணைத் தொறந்தாரு, கண்ணாடியைப் பாத்தாரு. அப்புறம் வலது புருவத்தைத் தூக்கினாரு, அதே பழைய தூக்கு. ஒண்ணும் வரல. திரும்பத் தூக்கினாரு. பெஞ்சுல காத்திருந்த பசங்க சிரிச்சுட்டானுங்க. நான் சிரிக்கல, சத்தியமா. காசை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. இப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குத்தான் போறாரு. வழியில பாத்தா வணக்கம் வைப்பேன், தலையை ஆட்டுவாரு. புருவம் பழையபடி வளந்துடுச்சு, அதையும் கவனிச்சேன்.

ஓசூர் அக்கா:
பாலக்கோடு தங்கச்சி, கண்ணுல விழற முடியை அப்படியே விட்டு அனுப்பறது தொழில் இல்ல. பிடுங்க வேண்டாம்னாங்க சரி, நுனியை வெட்டறேன்னு கேட்டிருக்கலாம். அந்த அம்மாவுக்கு முடியும் இருந்திருக்கும், கண்ணும் தப்பிச்சிருக்கும்.

என் கதை சின்னது. வேற எங்கயோ நூல் போட்டுட்டு ஒரு அம்மா எங்கிட்ட வந்தாங்க, புருவத்துக்குக் கீழ இமை முழுக்க நீலம் பூத்திருக்கு. "என்ன மாத்திரை சாப்பிடறீங்க"ன்னு கேட்டதும் பையைத் தொறந்து கொட்டினாங்க. நெஞ்சு வலிக்கு ஸ்டென்ட் வச்சவங்க, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ரெண்டும் இருக்கு. ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கறது. லேசா கிள்ளினாலே கன்னிப் போகும்.

அதனால சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க. வயசானவங்க உக்காந்ததும் முதல்ல மாத்திரையைக் கேளுங்க, அப்புறம் நூலை எடுங்க. சர்க்கரை இருந்தா சின்னக் காயமும் சீக்கிரம் ஆறாது. சுருக்கத்துக்கு ட்ரெட்டினாயின் கிரீம் போடறவங்களுக்கு வேக்ஸ் பக்கமே போகாதீங்க, முடியோட தோலும் உரிஞ்சு வரும். தோல் தொளதொளன்னு இருக்கும், அதனால ஒரு கை நெத்தியில, ஒரு கை இமையில வச்சு அவங்களையே இழுத்துப் பிடிக்கச் சொல்லணும். கை நடுங்கறவங்கன்னா கூட வந்தவங்களை விட்டுப் பிடிக்கச் சொல்லுங்க. வெளிச்சம் பக்கத்துல இருந்து வரணும், நேரா மேல இருந்து வந்தா வெள்ளை முடி கண்ணுக்கே தெரியாது. நீளமான முரட்டு முடியை ஒண்ணொண்ணா, கொஞ்சம் சாய்வா வெட்டுங்க. மொத்தமாப் பிடிச்சு ஒரே கோட்டுல வெட்டினா குச்சி குச்சியா நிக்கும். பொம்பளைங்களுக்கு மாதவிலக்கு நின்ன பிறகு புருவத்தோட வால் பக்கம், அதான் காது பக்கத்து நுனி, தானாவே மெலியும், அங்க ஒண்ணையும் தொடாதீங்க, பல வருஷம் பிடுங்கின எடத்துல திரும்ப முளைக்கும்னு சொல்ல முடியாது. வால் பக்கம் சுத்தமா காலியா இருந்து, சோர்வு, உடம்பு பெருக்கறது எல்லாம் சொன்னாங்கன்னா தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொல்லி அனுப்புங்க. ஆம்பளைங்களுக்கு நேர் எதிர். தலைமுடி வருஷக்கணக்கா வளரும், புருவ முடி சாதாரணமா ஒண்ணு ரெண்டு மாசத்துல வளர்றதை நிறுத்திக்கும். வயசானா அந்தக் கணக்கு தப்பிப் போகுது, நிக்க வேண்டியது நிக்காம வளந்துக்கிட்டே போகும். அதான் ஊத்தங்கரை அண்ணன் சொல்ற தாவாரம்.

காவேரிப்பட்டணம்:
நான் பார்லர் வச்சிருக்கறவ இல்ல. எங்கம்மாவை அத்தை வற்புறுத்திக் கூட்டிட்டுப் போய் புருவம் எடுத்து விட்டாங்க. அம்மாவுக்கு அடர்த்தியான புருவம், வெள்ளையும் கருப்பும் கலந்து. வந்தப்ப நூல் கணக்கா ஒரு கோடுதான் மிச்சம். யாரும் அவங்களை "எப்படி வேணும்"னு கேக்கல, அத்தைகிட்டயே கேட்டுப் பண்ணியிருக்காங்க. அம்மா ஒரு வார்த்தை பேசல. சாயங்காலம் என் பையன்கிட்ட, "நீ எழுதற பென்சிலைக் குடு சாமி"ன்னு வாங்கி, பீரோ கண்ணாடி முன்னாடி நின்னு புருவத்துல வரைஞ்சு பாத்தாங்க. அந்தப் பென்சில் தோல்ல எழுதல. எச்சில் தொட்டு எழுதினாங்க, அப்பவும் எழுதல. ஓசூர் அக்கா இவ்வளவு சொன்னீங்க, அவங்ககிட்டயே கேளுங்கன்னு மட்டும் சொல்லலயே.

ஓசூர் அக்கா:
கேக்கணும்னுதாம்மா முதல் பத்தியிலயே சொல்லியிருக்கேன். படிச்சுட்டுப் பேசுங்க.

காரிமங்கலம் சலூன்:
எதுக்கு இவ்ளோ வெட்டறதும் பிடுங்கறதும்? பெருசுங்களுக்கு வெள்ளைதான் பிரச்சினை. மீசைக்கு டை கலக்கறப்ப மிச்சத்தைப் புருவத்துலயும் ஒரு இழுப்பு இழுத்தா பத்து வயசு குறையும். நான் எத்தனையோ பேருக்குப் பண்ணிட்டேன், ஒருத்தரும் குத்தம் சொன்னதில்ல.

ஓசூர் அக்கா:
அண்ணே, அந்த டை பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. இமைக்கும் புருவத்துக்கும் போடக் கூடாது, போட்டா பார்வையே போகலாம்னு இருக்கும். பிபிடிங்கற சாயக் கெமிக்கல் இருக்கற டைன்னா அதை அச்சடிக்கணும்னு சட்டமே இருக்கு, கம்பெனி ஆசைப்பட்டுப் போடல. பெருசு சாய்ஞ்சு உக்காந்திருக்காரு, வேர்வையோட சேந்து கண்ணுக்குள்ள இறங்க எவ்ளோ நேரம் ஆகும்?

அரூர்:
டை சண்டை நடுவுல மன்னிக்கவும். ஓசூர் அக்கா வால் பக்கம் பத்திச் சொன்னதும் எழுதணும்னு தோணுச்சு. நான் வீட்டுலயேதான் பண்றேன். ஒரு பெரியம்மா வந்தாங்க, ரெண்டு புருவத்துலயும் வெளிப் பாதியில முடி இல்ல. நடுவுல இருந்தது மட்டும் முரடா இருந்துச்சு, அதைச் சீர் பண்ணச் சொன்னாங்க. நூல் இழுத்தா யாரா இருந்தாலும் ஒரு தடவையாவது முகம் சுளிப்பாங்க, கண்ணுல தண்ணி வரும். இவங்க பாட்டுக்கு ராகி விலையைப் பத்திப் பேசிக்கிட்டே இருக்காங்க. நெத்தி ஓரத்துல வெளுத்த தேமல் ஒண்ணு, அது மேல நூல் நல்லா உரசிடுச்சு. "எரியுதா பெரியம்மா?"ன்னேன். "எங்க?"ன்னு கேட்டாங்க.

எனக்குக் கை நின்னு போச்சு. தேமலா இருந்தா உணர்ச்சி இருக்கும். உணர்ச்சி இல்லாத வெளுத்த படையும், உதிர்ந்த புருவமும் சேந்தா தொழுநோயா இருக்கலாம்னு சுவர்ல எழுதியிருக்கற விளம்பரத்துல எல்லாருமே படிச்சிருப்போம். அந்தப் பேரை அவங்ககிட்ட என் வாயால எப்படிச் சொல்றது? சொன்னா ஊருல என்ன பேசுவாங்க? "தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில தோல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, அப்புறம் பண்ணிக்கலாம்"னு மட்டும் சொல்லி, காசு வாங்காம அனுப்பினேன். அதுவாவே இருந்தாலும் மாத்திரை இலவசம், 6 மாசம் இல்ல 12 மாசம் சாப்பிட்டா குணம். முதல்லயே பாத்துட்டா கை கால் பாதிக்காது. இதையெல்லாம் சொன்னா பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே போகாம இருந்துடுவாங்களோன்னு சொல்லல. போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறாங்க.

பாலக்கோடு பார்லர்:
அரூர், அந்தப் பக்கத்து கிராம செவிலியர்கிட்ட சொல்லிப் பாருங்க. அவங்க வீடு வீடாப் போறவங்கதான், யார் சொன்னாங்கன்னு வெளிய வராம பாத்துக்குவாங்க.

அரூர்:
இது தோணல. நாளைக்கே பேசறேன்.

காரிமங்கலம் சலூன்:
சரிங்க, டையை விட்டுடறேன், பாக்கெட்டைப் பாத்தேன், அக்கா சொன்ன மாதிரிதான் போட்டிருக்கு. இப்ப வேற ஒண்ணு. புருவத்துக்குத் தனியாக் காசு கேட்டா பெருசுங்க சண்டைக்கு வர்றாங்க. நீங்கல்லாம் எவ்ளோ வாங்கறீங்க?

ஊத்தங்கரை சலூன்:
கேக்கறதே இல்லீங்க. காது முடி, மூக்கு முடி, புருவம் எல்லாம் கட்டிங்ல சேத்திதான்.

ஓசூர் அக்கா:
இப்படி ஓசியில பண்ணிப் பழக்கி விட்டதாலதான் எங்ககிட்ட வந்து பேரம் பேசறாங்க.